சன்னாசி வீட்டு டிவைடர்

உங்கள் தாமான் குடியிருப்பில் இடமாற்றி ஒருவர் கட்டாயம் இருக்கிறார். சந்தேகமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். சிமெண்டுத் தரையில் ஏதோ கனமான சாமான் கர்ரென்று இழுபடும் சத்தம், அதைத் தொடர்ந்து “பாத்து, பாத்து, கால், கால்!” என்று ஓர் ஆண் குரல், அதற்கும் பிறகு “போன வாரந்தானே அந்தப் பக்கம் தள்ளுனீங்க?” என்று ஒரு பெண் குரல். இந்த மூன்றும் இதே வரிசையில் கேட்டால் அந்த வீட்டில்தான் அவர் இருக்கிறார். வேறு அடையாளம் வேண்டாம்.

இடமாற்றி கெட்டவர் அல்ல. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், யாரிடமும் வம்புக்குப் போக மாட்டார். வீட்டின் மேல் அவருக்கு அவ்வளவு பாசம். ஆபத்தே அந்தப் பாசத்தில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பாசம் வந்தால் பிள்ளையைத் தூக்குவார்கள். இவர் அலமாரியைத் தூக்குவார்.

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் சன்னாசி அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், சமையல், சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாவற்றையும் ஒரே அறையில் நடத்திய லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். பலகைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, மலிவு விலைத் தரை வீட்டுக்குக் குடிவந்தபோது ஹால் தனி, அறை தனி, சமையல்கட்டு தனி என்று இத்தனை சுவர்களை ஒரே நாளில் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்துவிட்டது. அந்தத் துறுதுறுப்பு இன்றுவரை அடங்கவில்லை.

அந்த வீட்டில் எத்தனை பேர் என்று எனக்கே சரியாகத் தெரியாது. காலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், மத்தியானப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள், இரவு வேலை முடிந்து வந்து படுக்கும் அண்ணனின் தம்பி, அந்தத் தம்பி எழுந்த சூட்டோடு அதே கட்டிலில் படுக்கும் இன்னொரு தம்பி, கேன்டீனில் சமைத்துவிட்டு வந்து வீட்டிலும் சமைக்கும் மனைவி இருளாயி அக்கா என்று, பஸ் நிலையம் மாதிரி ஆள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். எல்லாருக்கும் அவசரம். எல்லாரும் எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். “இந்த வீட்ல எடமே பத்தலைங்க” என்று இருளாயி அக்கா வாய் திறந்தால் போதும், அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிடும்.

“எடம் பத்தலைன்னு யாருலா சொன்னது? எடம் இருக்கு. ஒங்களுக்கு வைக்கத் தெரியல!”

அவருக்குத் தெரியும். கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, அடியில் அரிசி மூட்டையையும் புத்தகப் பைகளையும் தள்ளினார். தம்பி கட்டிலில் ஏற ஸ்டூல் தேட வேண்டியதாயிற்று. சைக்கிளைக் கூரைச் சட்டத்தில் தொங்கவிட்டார். அதற்குக் கீழே யாரும் நிம்மதியாகச் சோறு தின்றதில்லை. தையல் மெஷினுக்குப் பூப்போட்ட துணி போர்த்தி மேசையாக்கினார், மேசையை அறைக்குள் தள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இடமாக்கினார், படிக்கும் இடத்தைச் சாமி மேடையாக்கினார். ஐஸ்பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து, பின்னல் துணி போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் திராட்சைக் குலையை வைத்தார். இதற்கெல்லாம் மேலாக, வீட்டிலிருந்த மைலோ டின்கள் அத்தனைக்கும் ஒரே நிறக் காகிதம் ஒட்டி வரிசையாக அடுக்கினார். பார்க்க அழகுதான். எதில் சீனி, எதில் உப்பு, எதில் ஆணி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டில் எனக்குக் கிடைத்த உப்புத் தேத்தண்ணியைச் சிரித்த முகத்தோடு குடித்திருக்கிறேன். அக்கம்பக்கம் என்றால் அதுதானே?

இதையெல்லாம் தனி ஆளாகத் தூக்க முடியுமா? முடியாது. வேலிக்கு மேல் அண்ணன் தலை தெரியும். “அப்பாவு, சும்மா ஒரு கை புடிலா, ரெண்டே இஞ்சுதான்.” அப்பாவு என்பது நான். அவருடைய ரெண்டு இஞ்சு எனக்கு இடுப்புப் பிடிப்பில்தான் முடியும். இருந்தாலும் போவேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் ஒவ்வொரு இடமாற்றிக்கும் பக்கத்து வீட்டில் வாய்த்துவிடுகிறான்.

இதில் நிஜமாகவே அவதிப்பட்டது மூத்த மகள் நவமணி. நூல் மில்லில் வேலை. விடியுமுன் பஸ் வரும். அந்த நேரத்தில்தான் சீருடை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ரோஜா இருக்கும், காலில் மாட்டும் சப்பாத்து இருந்த இடத்தில் அவளுடைய தம்பி படுத்திருப்பான். “சப்பாத்து எங்கப்பா?” என்று அவள் அலறுவதும், “மேல பாரு, புது ஐடியா!” என்று அவர் பெருமையாகச் சொல்வதும், பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போவதும் எங்கள் வீட்டுக்கு அலாரம். ஒருநாள் என் மனைவியிடம் வந்து கண்கலங்கிச் சொன்னாள்.

“அக்கா, நகை வேணாம், காடி பங்களா வேணாம். வச்ச சாமான் வச்ச எடத்துல இருக்கிற வீட்டுக்குப் போனாப் போதும்லா எனக்கு.”

அதற்கும் ஒரு வழி வந்தது. பத்து காஜாவிலிருந்து சதாசிவம் என்ற பையனின் ஜாதகம் வந்தது. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த பையன். நவமணி அங்கே மூன்று முறை மோர் குடித்தாளாம். மோரே பிடிக்காத பெண். ஜாதகமும் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

நவமணிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். காரணம் இருந்தது. முன்பு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, சோபா என்று நம்பி மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓர் இடத்தில் உட்கார்ந்தார். அது சோபா அல்ல; அழுக்குத் துணி மூட்டைகளின் மேல் அண்ணன் விரித்த போர்வை. மாமா உள்ளே போய்விட்டார். நான்கு பேர் சேர்ந்து வெளியே எடுத்தோம். போனவர்கள் போனவர்கள்தான், பதிலே இல்லை.

“அப்பா, இந்தத் தடவ ஒண்ணையும் தொடாதீங்கப்பா. கையெடுத்துக் கும்புடுறேன்” என்றாள்.

“சே, நான் ஏன்மா தொடப்போறேன்?” என்றார் சன்னாசி அண்ணன். இடமாற்றி இப்படிச் சொன்னால் பலகை ஏற்கனவே அறுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அறுத்துத்தான் இருந்தார். அந்தக் காலத்தில் கட்டில், மேசை விற்கும் ஈப்போ தளவாடக் கடைகளில் டிவைடர் என்று ஒன்று வந்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், முன்பக்கமும் பின்பக்கமும் திறந்த தட்டுகளோடு, ஹாலை இரண்டாகப் பிரித்து நிற்கும் அலமாரி. டிவைடர் இல்லாத வீடு வீடே இல்லை என்று ஆகிவிட்ட நேரம். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பலகையில் அண்ணன் சொந்தமாக ஒன்றைச் செய்து, வார்னிஷ் அடித்து, பீங்கான் அன்னம், கண்ணாடிக் கிண்ணம், கல்யாணத்துக்கு வந்து பெட்டி பிரிக்காமலே கிடந்த கோப்பைகள், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய பூச்செண்டு எல்லாவற்றையும் அதில் அடுக்கினார். பெண் பார்க்கும் நாளில் விருந்தாளிகளின் காடி வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு, ஹாலின் நடுவில் நின்று சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். கரிப்பிடித்த சட்டி ஒன்று தெரிந்தது.

“அப்பாவு! இது தெரியலாமா? மானம் போயிரும்லா. ஒரு கை புடி!”

பிடித்தேன். சமையல்கட்டுக்குப் போகும் வழியை அடைத்து டிவைடரைச் சுவரோடு சுவராக நிறுத்தினோம். பிள்ளைகள் இடித்துச் சாய்த்துவிடக் கூடாதென்று இரண்டு பக்கமும் சிமெண்டு ஆணி அடித்தார். தள்ளி நின்று பார்த்தோம். சட்டி தெரியவில்லை. ஹால் கடைக்காரன் ஷோரூம் மாதிரியே இருந்தது. இரண்டு பேருக்கும் பெருமை தாங்கவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள். நிஜ நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்லம்மாள் டிவைடரைப் பார்த்து, “கடையில வாங்குனீங்களா?” என்று கேட்க, சன்னாசி அண்ணன் ஓரடி உயர்ந்துவிட்டார். மழை, ரப்பர் விலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் பேசியாயிற்று. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லா அப்பாக்களும் அந்த நாளில் சொல்வதைச் சொன்னார்.

“அம்மா நவமணி! தேத்தண்ணி கொண்டாம்மா!”

யாரும் வரவில்லை.

“வெக்கப்படுது” என்று சிரித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். அப்போது பீங்கான் அன்னத்துக்கும் பூச்செண்டுக்கும் நடுவில் இரண்டு கண்கள் தெரிந்தன. இருளாயி அக்காவின் கண்கள்.

“எப்புடிங்க வர்றது?”

பெண் உள்ளே இருந்து தட்டோடு வரவேண்டும். அதுதானே முறை? பெண் உள்ளேதான் இருந்தாள், தட்டும் இருந்தது, சேலை நகை எல்லாம் கச்சிதம். வருவதற்கு வழி இல்லை. அண்ணன் டிவைடரைப் பிடித்து இழுத்தார். கண்ணாடிக் கிண்ணங்கள் கலகலவென்று எச்சரித்தன. ஆணி அசையவில்லை. உள்ளிருந்து ஒவ்வொரு கோப்பையாக அன்னத்தின் கழுத்துக்குக் கீழே நீட்டினார் இருளாயி அக்கா. நான் வாங்கி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். நல்லம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“தேத்தண்ணி வந்துருச்சு. பொண்ணு?”

உள்ளே விசும்பல் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். போன தடவை மாமா மூட்டைக்குள் போனார்; இந்தத் தடவை பெண்ணே அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த ஆணிக்கு நானல்லவா பலகையைப் பிடித்தேன்?

“பின்வாசல் இருக்குல்ல?” என்றார் நல்லம்மாள். “பொண்ணு பின்சந்து வழியா சுத்தி வரட்டும். பலகாரத் தட்டு கனமா இருக்கும். சதாசிவம், நீ போய் வாங்கிக்கடா. அண்ணே, நீங்க கூடப் போங்க.”

அண்ணே என்றது என்னை. போனோம். எங்கள் வரிசை நீளம்; கடைசி வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் பின்சந்துக்குப் போக முடியும். அங்கே பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையை ஒரே தாண்டாகத் தாண்டி, முறுக்குத் தட்டோடு நவமணி வந்துகொண்டிருந்தாள். பின்னால் முறுக்கை நம்பி ஒரு நாய். சதாசிவம் தட்டை வாங்கிக்கொண்டான். நான் நாயோடு சேர்ந்து நாலடி பின்தங்கினேன், ஆனால் காது பின்தங்கவில்லை.

“அழுதீங்களா?” என்றான்.

“இல்ல. வெங்காயம்.” கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு துணிந்து கேட்டாள். “ஒங்க வீட்ல ஆணி அடிக்கிறது யாரு?”

“ஆணியா? யாரும் இல்லயே. தாத்தா அடிச்ச ரெண்டு ஆணி இருக்கு. எல்லாத்தையும் அதுலதான் மாட்டுறோம்.”

“அலமாரி?”

“அது நான் பொறந்ததுலேந்து ஒரே எடத்துலதான் நிக்குது.”

அந்தப் பெண்ணின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காதல் வசனம் கேட்டவர்கள்கூட அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. வாசல் வழியாக இருவரும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். நல்லம்மாள் மகன் முகத்தைப் பார்த்தார், பெண் முகத்தைப் பார்த்தார், “வெத்தல பாக்க எடுங்க” என்றார். முடிந்தது.

சன்னாசி அண்ணன் வருந்தினார் என்றா நினைக்கிறீர்கள்? என் தோளைத் தட்டி, “பாத்தியா? டிவைடர் இல்லாட்டி அதுங்க ரெண்டும் பேசியிருக்குமா? எல்லாம் ஐடியாலா!” என்றார்.

காடி கிளம்பும்போது சதாசிவம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தான். நவமணி அவன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அந்த ரெண்டு ஆணி எந்தச் சுவத்துல?”

“கதவுக்குப் பக்கத்துல.”

ஒரு நொடி கண்ணை மூடி யோசித்தாள்.

“அங்க வேணாங்க. ஜன்னல் பக்கம் மாத்திரலாம். அப்புறம் அந்த அலமாரிய, ரொம்ப இல்ல, கொஞ்சமா...”

பையன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அவனுடைய பக்கத்து வீட்டுக்காரனை நினைத்துத்தான் எனக்கு இடுப்பு வலித்தது.

அதனால் சன்னாசியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் நிதானித்துச் சிரிக்கலாம். இதைப் படிக்கும்போது நடுவில் ஒருமுறை நிமிர்ந்து உங்கள் அறையைப் பார்த்தீர்கள் அல்லவா? பார்த்தீர்கள். அந்த மூலையில் இருக்கும் நாற்காலியை இந்தப் பக்கம் போட்டு, மேசையைச் சுவரோரம் தள்ளினால் எவ்வளவு இடம் வரும் என்றும் தோன்றியது அல்லவா? சரி, தள்ளுங்கள். நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள்? தள்ளுவதற்கு முன்னால் மட்டும், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.