வழுவழு மாமாவும் சிவப்புத் தரையும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எந்த வீட்டில் என்ன தரை, எந்த மூலையில் பள்ளம், எந்த அறையில் தண்ணீர் தேங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே மனிதர் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கிறார். வீட்டுக்காரர்களின் பெயரைக் கேட்டால்தான் முழிப்பார். "அதாம்ப்பா, வடக்கு மூலை வெடிச்ச வூடு" என்பார். ஊருக்கு அவர் வழுவழு. எனக்கு வழுவழு மாமா. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருப்பதாகக் கேள்வி.

இன்றைக்கும் அவர் வீட்டுக்குள் நுழைவது சுலபமில்லை. வாசலில் கால் கழுவ வேண்டும். கழுவிய காலைத் துடைக்க ஒரு துணி, துடைத்த காலை இன்னொரு தடவை துடைக்க ஒரு துணி. நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். சனிக்கிழமை என்றால் உள்ளேயே போக முடியாது. மனுஷன் முட்டி போட்டுக்கொண்டு தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் தலை அந்த எண்ணெயைப் பார்த்துப் பல காலம் ஆகிறது.

இந்தப் பைத்தியம் பிடிப்பதற்கு முன்னால் அவர் ஒழுங்கான பால்காரராகத்தான் இருந்தார். இரண்டு எருமை, ஒரு சைக்கிள், மண் தரை போட்ட ஓட்டு வீடு, சரோஜா அத்தை. அத்தைதான் வாராவாரம் அந்தத் தரையைச் சாணி போட்டு மெழுகுவாள். மழைக்காலத்தில் மெழுகியது காயாது. காய்ந்தால் பெயரும்.

அத்தையின் தம்பி பென்னலூரில் சிமெண்டுத் தரையோடு வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அங்கேதான் வந்தது வினை. தம்பி பெண்டாட்டி நாலு பேர் நடுவில், "உங்க வூட்ல குந்தினா பொடவையெல்லாம் மண்ணு அண்ணி, இங்க தாராளமா குந்துங்க" என்று சொல்லிவிட்டாள். அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிடப் போன மாமாவிடம் ஒரே பேச்சு.

"யோவ், நல்ல தரை போட்டுட்டு வந்து கூப்புடு. அதுவரைக்கும் அந்த மண்ணுல கால் வெக்க மாட்டேன்."

மாமா சிரித்துக்கொண்டே திரும்பினார். ஒரு வாரம் சிரித்தார். மாதம் ஒன்று ஆனதும் அவர் வடித்த சோற்றை எருமையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தரை இல்லையென்றால் சரோஜா இல்லை.

அன்றிலிருந்து பால் ஊற்றும் வீடெல்லாம் அவருக்குப் பரிசோதனைச்சாலை ஆனது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீச்சரம்மா வீட்டில், பாத்திரம் ஒரு பக்கம் இருக்க, பாலைத் தரையில் ஊற்றியிருக்கிறார்.

"ஐயோ, பாலு கீழ ஊத்துது பாரு!"

"ஊத்தட்டும்மா. எப்டி ஓடுது பாருங்க. வாட்டம் முத்தத்துப் பக்கம் இருக்கணும், உங்களுது சாமி ரூம் பக்கம் கீது. எந்த மேஸ்திரி போட்டான்?"

துக்க வீட்டையும் விடவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். எல்லோரும் பிணத்தைச் சுற்றி அழுதுகொண்டிருக்க, மாமா ஒரு மூலையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். பெரியவரின் மகன் நெகிழ்ந்துபோய் ஓடி வந்து தூக்கினான். "அப்பா மேல உங்களுக்கு இவ்ளோ பாசமா?"

"வழுவழுன்னு கீதுப்பா" என்றார் மாமா, கண்கலங்கி. பெயர் அன்றைக்கு வந்தது.

தேர்வு நடந்தது பென்னலூரில். ஒவ்வொரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய் அத்தையிடம் ஒப்பிக்க வேண்டும். கடப்பைக்கல் ஒன்றைக் கேரியரில் கட்டிக்கொண்டே போனார். அத்தை ஒரு காலை வைத்து உடனே எடுத்துக்கொண்டாள். "ஜில்லுன்னு கீது. எனக்கு முட்டி வலி வந்தா நீயா தைலம் தேய்ப்பே?" மொசைக் என்றார். "புள்ளி புள்ளியா இருக்குமே அதுவா? அரிசி கொட்டினா எதுய்யா அரிசி, எதுய்யா தரை?" வெறும் சிமெண்டு என்றார். "இவ வூட்டுல போட்டுக்கினு கீறாளே அதுவா? எனக்கு இதவிட நல்லதா வேணும்."

கடைசியில் சிவப்புத் தரை என்று முடிவானது. சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து இழைத்துப் போடுவது. ஓரத்தில் கறுப்புக் கரை. "பட்டுப் பொடவ மாதிரி இருக்கும் சரோஜா" என்று மாமா சொன்னபோது அத்தை தன் புடவைக் கரையை ஒரு தடவை தடவிப் பார்த்தாளாம். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்போது சிமெண்டு பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான் என்பதால், மாமா என்னைத் தாலுகா ஆபீசுக்கு இழுத்துப்போனார். போகும் வழியெல்லாம் பேசவேண்டியதைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதிகாரி நிமிர்ந்து, "எதுக்குய்யா சிமெண்ட்?" என்றார்.

"பொண்டாட்டிக்கு சார்."

நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆபீசே சிரித்து ஓய்ந்திருந்தது. பர்மிட் மட்டும் உடனே கிடைத்தது.

மேஸ்திரி ஏழுமலை நிதானமான மனிதர். மாமா அவரை நிதானமாக இருக்க விடவில்லை. பூச்சுக் கரண்டி போன இடமெல்லாம் பின்னாலேயே இவர் கன்னமும் போனது. "இங்க ஒரு சொரசொரப்பு கீது மேஸ்திரி." "அது உன் தாடிய்யா! போய் செரச்சிக்கினு வா!" உண்மையிலேயே சவரம் செய்துகொண்டு வந்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

தரை முடிந்தது. வாசற்படியில் களிமண்ணால் வரப்பு கட்டி, வீடு முழுக்கத் தண்ணீர் நிறுத்தினார்கள். தரை இறுகுகிறவரை அது வற்றக் கூடாது, வற்றினால் வெடித்துவிடும். மாமா எருமைகளோடு கொட்டகையில் குடியேறினார். தெருவுக்கோ கொண்டாட்டம். "மாமா, நாத்து விட்டுடலாமா?" "இன்னா மாமா, கெண்டக் குஞ்சு வாங்கியாரட்டா?" இரண்டாம் நாள் தவளையும் வந்துவிட்டது. மாமா ஒரு கோலை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தவளையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தரை முடிந்துவிட்டது என்ற சேதி மட்டும் பென்னலூருக்குப் போயிருக்கிறது. தண்ணீர் நிற்பதை யாரும் சொல்லவில்லை. ஒரு காலையில் சரோஜா அத்தை டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். தலையில் பூ. தெருவே எழுந்து நின்றது. மாமா ஓடிப் போய்க் கையை விரித்துக்கொண்டு வாசலை மறித்தார்.

"கால வெக்காத!"

அத்தை அப்படியே நின்றாள். "இன்னா சொன்னே?"

"இன்னும் நாலு நாளு சரோஜா. தண்ணி நிக்குது. போயிட்டு அப்புறமா..."

"போயிட்டா? கெஞ்சிக் கெஞ்சிக் கூப்ட்டது நீ. வந்தவள வாசல்ல நிக்க வெச்சிப் போகச் சொல்றியா? இனிமே உன் தரையோடவே நீ குடும்பம் நடத்திக்கோ!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பஸ் வருகிற நேரம். மாமா தரையைப் பார்த்தார், அத்தையின் முதுகைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்கு ஓடி மண்வெட்டியை எடுத்துவந்து வரப்பில் ஒரே வெட்டு. தண்ணீர் வாசலில் பாய்ந்தது. மனுஷன் வெட்டிக்கொண்டே அழுதார்.

"எறக்கிட்டேன் சரோஜா! வெடிச்சாலும் பரவால்ல, வா!"

ஓடுகிற தண்ணீர் அத்தையின் காலைத் தொட்டது. திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி டிரங்குப் பெட்டி நடுத்தெருவில் கிடந்தது.

"அட பாவி மனுசா! வெடிக்க வுடுவியா? அவ வூட்ல பால் காய்ச்ச அவசரப்பட்டுத் தண்ணிய எறக்கித்தான் தரை பூரா வெடிச்சிக் கீது, எறும்பு குடித்தனம் பண்ணுது. இங்கயும் அதே கதியா? எடு அந்த மண்ண!"

புதுப் புடவையோடு சேற்றில் குந்தி, இரண்டு கையாலும் களிமண்ணை அள்ளி அடைத்தாள். என்னைப் பார்த்து, "படிச்சவனே, நின்னுக்கினு வேடிக்க பாக்கிறியே, தண்ணி மொண்டுக்கினு வாடா!" என்றாள். தெருவே குடம் தூக்கியது. மத்தியானத்துக்குள் வீடு மறுபடி நிறைந்துவிட்டது. தவளையும் திரும்பி வந்துவிட்டது.

பஸ் எப்போதோ போயிருந்தது. அத்தை போகவில்லை. புங்கமரத்தடியில் மூன்று கல் வைத்துச் சோறாக்கினாள். அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சை அதற்கு முன்னால் தெருவில் யாரும் கேட்டதில்லை. அத்தை தம்பி பெண்டாட்டி மாதிரி பேசிக்காட்டுவாள். மாமா மேஸ்திரி மாதிரி திட்டிக்காட்டுவார். சிரிப்புச் சத்தத்தில் எருமை மிரளும்.

ஏழுமலை வந்து தண்ணீரை வடித்தார். தரை குங்குமமாகப் பளபளத்தது, ஒரு கீறல் இல்லை. மாமா கன்னத்தை வைத்துப் பார்த்து எழுந்து, முகமெல்லாம் பல்லாக மரத்தடியைப் பார்த்து, "வா சரோஜா" என்றார்.

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே, "உல வெச்சிட்டேன்யா. இன்னிக்கி ஒரு நாளு இங்கயே இருந்துட்டு நாளைக்குப் போலாமே" என்றாள்.

அத்தனை பாடுபட்டுப் போட்ட தரையை அப்படியே விட்டுவிட்டு மாமா மரத்தடிக்கு வந்தார். அத்தை உட்காரப்போகிற இடத்தில் குந்தி, சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அந்த வெறும் மண்ணை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமப்படுத்தினார்.