நோரீன் பாஸ்கோ நீச்சல்குளக் கதவம் திறந்த படலம்

வாழி, நோரீன் பாஸ்கோ! இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளிப் பேருந்தின் பெருஞ்சக்கரம் பற்றிய உரங்கொள் கையாளே, பின்னிருக்கையில் மூண்ட கலகத்தையெல்லாம் திரும்பியும் பாராது கண்ணாடி வழியே ஒற்றை நோக்கால் அடக்கிய திறலாளே, எழுபத்தொரு கோடை கண்டும் எவர்க்கும் வழிவிடாத் தோளாளே, வாழி! நின் புகழ் பாடப் புகுந்த எனக்கு, நெகிழி நாற்காலி அடுக்கிய மன்றங்களைக் காக்கும் தெய்வங்கள் எவையேனும் உளவாயின், அவை நாவன்மை நல்குக!

நியூ சவுத் வேல்ஸ் நாட்டின் வடகரையில், மஞ்சட்கொண்டைக் காகட்டூக் கிளிகள் விடியலைக் கிழித்தெறியும் யூகலிப்டஸ் சோலையின் ஓரத்தில், முல்லராங் என்றொரு குடியிருப்பு உண்டு. அங்கு வாழ்வோர்க்குக் கூரை தமது, தரை பிறனது. வீட்டை விலைக்கு வாங்கி, அது நிற்கும் மண்ணைக் குத்தகைக்குக் கொண்டு, நூற்றுப்பதின்மர் முதியோர் அங்கே முதுமையைச் செலவிடுகின்றனர். மண்ணையுடைய நிறுவனத்தின் முன் குடிகளின் குறையுரைக்க ஐவர் கொண்ட குழு ஒன்று ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும். மூவேந்தர் அவையும் அதன் முன் எம்மாத்திரம் என்று அக்குழுவினர் கருதினர்.

இத்தகு நாட்டில் நாற்பத்தேழாம் மனையில் குடியேறி எட்டுத் திங்களான நம் தலைவிக்கு ஒரு கொடிய இக்கட்டு வந்துற்றது. புதிதாய்ப் பொருத்திய இடுப்பெலும்பு இறுகிப் போகாதிருக்க நாள்தோறும் நீரில் நடக்க வேண்டுமென்றார் எலும்பு மருத்துவர். மூக்கின் மேல் முளைத்த மறுவொன்றை அறுத்தெடுத்த தோல் மருத்துவரோ, மாலை நான்கு மணிக்கு முன் வெயில் மேனியில் படவே கூடாதென்றார். முல்லராங்கின் நீச்சல்குளக் கதவமோ நான்கு மணிக்குப் பூட்டப்பட்டது. இரு மருத்துவர்க்கும் ஒரு பூட்டுக்கும் இடையே, இரு பெருமலைக்கும் ஒரு பேரருவிக்கும் இடையே சிக்கிய பிடியானையெனத் திகைத்து நின்றாள் நோரீன்.

அப்பூட்டின் காவலன் யாரெனில், பன்னிரண்டாம் மனையுடையான், குளத்துக்கு அண்டைவீட்டான், ஆறாண்டு குழுவில் அசையாது வீற்றிருந்தான், நெகிழியுறை போர்த்த அறிவிப்புகளின் வேந்தன், கிளைவ் ஹாதர்சேஜ். முன்னொரு காலத்தில் நில அளவையாளனாயிருந்த அவன், அண்டை வீட்டுப் புல்லின் உயரத்தையும் கண்ணாலேயே அளக்க வல்லவன்.

கதவருகே துவாலையுடன் நின்று நோரீன் கேட்டாள்: "கிளைவ், ஆறு மணி வரைக்கும் தெறந்து வெச்சா என்ன?"

"நாலுன்னா நாலு. போர்டுல போட்டிருக்கு பாருங்க."

"போர்டு எழுதினதே நீங்கதானே?"

"நான் எழுதினேன், குழு சொல்லிச்சு. மாத்தணும்னா குழுவுக்குள்ள வந்து மாத்துங்க."

விளையாட்டாய்ச் சொன்ன சொல். ஆயினும் உலர்ந்த காட்டில் உதிர்ந்த தீப்பொறியென அது அவள் நெஞ்சில் வீழ்ந்தது.

போட்டியிட ஒருவர் முன்மொழிய வேண்டும். எட்டுத் திங்களில் எவரோடும் பழகாதிருந்த நோரீன், வேறு வழியின்றி அடுத்த வீட்டுப் படியேறினாள். அங்கிருந்தவள் வூலா கனாரிஸ். முப்பதாண்டு மீன் வறுவல் கடை நடத்திக் கொதியெண்ணெய்க்கும் குடிகாரர்க்கும் அஞ்சாத மறக்கிழத்தி.

"இத்தன மாசமா குட் மார்னிங்குக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல நீ. இப்ப தாளும் கையுமா வந்து நிக்கற!" என்றாள் வூலா.

"வெக்கமாத்தான் இருக்கு, வூலா."

"வெக்கத்த வீட்ல வெச்சிட்டு வா. அந்தக் கிளைவ எதிர்த்து இதுவரைக்கும் ஒருத்தரும் நின்னதில்ல. பேனாவக் குடு."

அதன்பின் ஒன்பது நாள், புதிய இடுப்பும் பழைய கைத்தடியுமாய், வெயில் சாய்ந்த பின் வீடுவீடாய் ஏறி இறங்கினாள் நம் தலைவி. புகுந்த மனைதோறும் திறைப்பொருளாய்த் தேநீரும் வாழைப்பழ கேக்கும் வந்தன. மறுத்தால் வாக்குப் போய்விடுமென்று அஞ்சி அனைத்தையும் உண்டாள். எவர்க்கு முழங்கால் வலி, எவர் மகன் பேசுவதில்லை, எவர் நாய்க்குச் சர்க்கரை நோய் என்பனவெல்லாம் அறிந்தாள். எட்டாம் நாள் வீடு திரும்பியவள், இந்தக் குடியிருப்பில் தன்னைப் பெயர் சொல்லிக் கையசைப்போர் முப்பதின்மர் இருப்பதை நினைத்து, சமையலறையில் விரல்விட்டு மீண்டும் ஒருமுறை எண்ணினாள்.

வந்தது தேர்தல் கூட்டத்துக்குரிய வியாழன், வந்தது பிற்பகல் இரண்டு மணி. மூன்று மணிக்கு மன்றம் எண் கூவி ஆடும் பிங்கோ ஆட்டத்துக்கு உரியது. ஆகவே ஒரு மணி நேரத்துள் போர் முடிந்தாக வேண்டும். ஏனைய நால்வரும் போட்டியின்றித் தேர்வாயினர். எஞ்சியது ஓரிடம், எதிரெதிர் நின்றோர் இருவர். தலைவர் டக் பெட்டிஃபர் மேசையைத் தட்டினார். கிளைவ் எழுந்தான், ஈரப் பாதத் தடங்களின் கேட்டையும், மாலை ஓய்வின் மாண்பையும், ஒழுங்கற்ற ஊர்கள் அழிந்த வரலாற்றையும் பதினான்கு நிமிடம் கார்மேகமென முழங்கினான்.

"கிளைவ், மழை பெய்யுமா பெய்யாதா?" என்று வூலா பின்வரிசையிலிருந்து கேட்டாள். அவை நகைத்தது.

பின் நோரீன் எழுந்தாள். நெடிய உரையொன்றை எழுதி வந்திருந்தாள். கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தாள்.

"எனக்குப் பேச வராதுங்க. பஸ்தான் ஓட்டத் தெரியும். அஞ்சு மணிக்குத் தண்ணில எறங்கணும். அவ்வளவுதான்," என்று சொல்லி அமர்ந்தாள்.

கைகள் எழுந்தன. காட்டு மூங்கிலெனக் கிளைவுக்கு இருபத்தொன்று. கடல் நாணலென நோரீனுக்கு இருபத்தொன்று. அவற்றுள் ஒரு கை என்னுடையது. எப்பக்கம் என்பது பன்னிரண்டாம் மனையான் இதைப் படிக்கக்கூடும் ஆதலால் மறைக்கப்படுகிறது. மீண்டும் எண்ணினர், முதலில் கிளைவுக்கு, அதே இருபத்தொன்று. "சரி, நோரீனுக்கு யாரு?" என்று டக் உரக்க வினவிய அந்த ஒலியில், சுவரோரம் முதலிலிருந்தே உறங்கிக்கொண்டிருந்த எண்பத்தொன்பது வயது முரே குவில் விழித்து, வலக்கையை வானளாவ உயர்த்தினார்.

"எனக்கு ரெண்டு சர்க்கரை," என்றார்.

எழுந்தது பேரொலி! "தூங்கினவர் ஓட்டு செல்லாது! டீன்னு நெனச்சுக் கை தூக்கினாரு!" எனக் கிளைவ் கொதித்தான். விதிநூலை முன்னும் பின்னும் புரட்டிய டக், உறக்கம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லையென அறிவித்தார். பின் குனிந்து கேட்டார்: "முரே, டீயெல்லாம் அப்புறம். கிளைவா, நோரீனா? யாருக்கு ஒங்க கை?"

முரே நெடுநேரம் கிளைவை நோக்கினார். "இவன் என் தக்காளிச் செடி அனுமதிச்ச உயரத்தத் தாண்டிடுச்சுன்னு வெட்டச் சொன்னவன்தானே? அந்தம்மாவுக்கே போடு."

இருபத்திரண்டு! மன்றம் அதிர்ந்தது, தேநீர்க் கலம் நடுங்கியது, வூலா விசிலடித்தாள்.

வெற்றிமகள் தாமதியாள். மறுநாட் காலையே ஐவரும் அணிவகுத்து மேலாளர் அலுவலகம் புகுந்தனர். ஆறு மணி வரை குளம் திறந்திருக்க வேண்டுமென்னும் விண்ணப்பத்தை நோரீனே படித்தாள். மேலாளர் டீகன் என்னும் இளம்பெண் வியந்து நோக்கினாள்.

"குளத்துக் கதவுல நாங்க பூட்டே போடலியே! உங்க குழு போட்டதுன்னுல்ல நான் நெனச்சேன்."

"நாங்க நீங்க போட்டதுன்னு..." என்று தொடங்கிய டக், முடிக்காமல் நிறுத்தினார். ஐவரும் மேலாளரும் சாளரம் வழியே பன்னிரண்டாம் மனையை நோக்கினர். அங்கே ரோஜாவுக்கு நீரூற்றிக்கொண்டிருந்த கிளைவ், ஆறு முகங்கள் தன்னை நோக்குவது கண்டு குழாயை நிறுத்தினான். பின் தானே நடந்து வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பித்தளைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சாயங்காலம் கொஞ்சம் தூங்கலாம்னு ஒரு நாள் நானே ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். யாராவது ஏன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். ஆறு வருஷமா ஒருத்தரும் கேக்கல."

ஆறாண்டு ஆட்சியின் முழு வலிமையும் அம்மேசைமேல் விரல்நீளம் கிடந்தது. கைகொட்டி நகைக்கத்தான் வந்திருந்தாள் நோரீன். ஆயினும் காதுவரை சிவந்து நின்ற அம்முதியவனைக் கண்டதும் நகை எழவில்லை. சாவியை அவன்பால் தள்ளினாள்.

"நீங்களே வெச்சுக்கங்க கிளைவ். ஆறு மணிக்குப் பூட்டுங்க."

அவன் சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "வேணும்னா ஆறரைக்குப் பூட்டறேன்," என்றான்.

ஆக, அன்று மாலை ஐந்து மணிக்கு, மேற்கே செங்கதிரோன் சினந்தணிந்து சாய, காகட்டூக் கணங்கள் கூடு நாடி ஆர்ப்பரிக்க, வாகை சூடிய வேந்தன் வென்ற நாட்டுள் புகுவதே போலத் துவாலையைத் தோளில் மேலாடையெனத் தாழவிட்டு, கைத்தடியைச் செங்கோலென ஊன்றி, திறந்த கதவம் கடந்து, நீலப் பளிங்கெனக் கிடந்த நீர்ப்பரப்பின் விளிம்பில், இரு மருத்துவர் ஆணையையும் ஒருங்கே நிறைவேற்ற வந்து நின்றாள் நோரீன் பாஸ்கோ. தண்ணீர் ரொம்பக் குளிராக இருந்ததால், முழங்கால் வரைக்கும் நனைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.