வரியைக் குறைத்த விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்குப் பணிவான வணக்கம்.

இங்கு நானும் பிள்ளைகளும் நலம். அங்கே தங்கள் நலமும், சம்பந்தியம்மாள் நலமும், அவர்களுடைய முழங்காலின் நலமும் அறிய ஆவல். (முழங்காலைத் தனியாக விசாரிப்பது முறைதானா என்று வெகுநேரம் யோசித்தேன். சென்ற கடிதத்தில் தாங்களே அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்ததால் துணிந்தேன்.)

தங்கள் மகனும் என் மகளும் நடத்தும் அட்டைப்பெட்டிப் பட்டறையை மூடிவிட்டு, அங்கே வந்து தங்கள் ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். மாநில பட்ஜெட் வரட்டும், அட்டைப்பெட்டி வரியைக் குறைத்தால் இங்கேயே இருந்துவிடுகிறோம், இல்லாவிட்டால் வந்துவிடுகிறோம் என்று அவர்கள் கெடு கேட்டார்கள். தாங்களும் பெருந்தன்மையோடு சம்மதித்தீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்டறை என் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. சாயங்காலம் போனால் மகள் பசை வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போடுவாள். அந்த நாற்காலி போய்விடுமே என்ற சுயநலம்தான், வேறொன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வட்டாரத் தொழில் சங்கத்தார், நான் முப்பத்தாறு வருடம் ஆவணக் காப்பகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால், நிதியமைச்சருக்கு மனு எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சங்கத் தலைவர் மரையாணி தயாரிப்பவர். ஊரில் அவருக்குப் பெயரே மரையாணிதான். ஆகாதவர்கள் மரை கழன்றவர் என்பார்கள், நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒன்பது பக்கம் எழுதி அவரிடம் கொடுத்தேன், அதில் ஒரு பக்கம் முழுவதும் மழைக்காலத்தில் அட்டை நமுத்துப்போவது பற்றி, அது கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது என்று நினைக்கிறேன். தலைவர் முதல் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையால், ‘வரி மிக அதிகம். பாதியாகக் குறைக்க வேண்டும். அழுத்தமாக!’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு வரி. அதிகம்தான். நூற்று ஏழாகக் குறைத்தேன். பழக்கதோஷம், ஒரு வேலையைத் தொட்டால் விடமுடியாது, அந்த நூற்று ஏழும் அதிகமாகத் தெரிந்தது, அடுத்த நாள் ஐம்பது, அதற்கடுத்த நாள் இருபது, கடைசியில் ஆறு வரியில் வந்து நின்றது. நமுத்த அட்டையை எடுக்கும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. பிறகு, சொன்னபடியே, தடித்த பேனாவால் அழுத்தமாக எழுதினேன். தாளின் பின்பக்கத்தில் விரலை வைத்துத் தடவியே படிக்கலாம்.

தலைநகரில் அமைச்சர் அலுவலகத்தின் காத்திருப்பு அறையில், மற்ற வட்டாரத்தார் தலையணை கனத்தில் மனுக்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எங்கள் உறையைத் திறந்தார்.

“என்னய்யா இது? மிச்சம் எங்க?”

“மிச்சம்னு எதுவும் இல்லீங்க. நீங்கதானே வரியைக் குறைக்கச் சொன்னீங்க?”

“அடப்பாவி மனுஷா, நான் வரியைக் குறைக்கச் சொன்னேன்யா!”

“அதைத்தாங்க குறைச்சேன்.”

எங்களோடு வந்திருந்த சோப்புக் கம்பெனிக்காரர் சுவரோடு சாய்ந்து சிரித்தார். “விடுங்க தலைவரே. வரியைக் குறைன்னு இருபது வருஷமா கத்துறோம். கேட்டதும் குறைச்ச முதல் ஆள் இவர்தான்!”

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அமைச்சர் காலையிலிருந்து மனு வாங்கிக் களைத்திருந்தார். எங்கள் தாளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். “மன்னிக்கணும் ஐயா, இதுக்கு மேல குறைக்க முடியலீங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார். அங்கேயே, எங்கள் எதிரிலேயே, ஆறு வரியையும் வாய்விட்டுப் படித்தார். வேறு எந்த வட்டாரத்து மனுவுக்கும் அந்த யோகம் கிடைக்கவில்லையாம்.

இன்று காலை சங்க அறையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். நாற்பதாவது நிமிடத்தில் அமைச்சர், பெட்டிகளுக்கான வரி பாதியாகக் குறைக்கப்படுகிறது என்றார். தலைவர் என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி வளைந்துவிட்டது. இதை அந்த வளைந்த கண்ணாடியோடுதான் எழுதுகிறேன், எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆகவே, பேசியபடி பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள். தங்களுக்கு இது வருத்தம் தரும் என்பது தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருப்பதற்காக வெட்கப்படுகிறேன். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கங்களும், வீட்டில் உள்ள சிறியவர்களுக்கு என் ஆசிகளும். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், படியேறும் சிரமமும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மேலே கண்ட செய்தி தவறு. வரி குறைந்தது பயணப் பெட்டிக்குத்தானாம், அட்டைப்பெட்டிக்கு இல்லையாம். மனுவைச் சுருக்கும்போது ‘அட்டை’ என்ற சொல்லும் மிகை என்று தோன்றி எடுத்துவிட்டேன். பக்கத்து வட்டாரத்துப் பெட்டிக் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து நன்றி சொல்லி, சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அதை இழுத்துக்கொண்டே பட்டறைக்குப் போனேன்.

“எங்கப்பா கிளம்பிட்டீங்க, பெட்டியும் கையுமா?” என்றாள் மகள்.

விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். அவள் பசைக் கையோடு என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அட, இதுக்கா? வரி குறைஞ்சாலும் குறையாட்டியும் நாங்க போறதா இல்லப்பா. மாமா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ல இவருக்குப் பயம். பட்ஜெட்டுன்னா வருஷா வருஷம் தள்ளிக்கிட்டே போகலாம்ல? மாமாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.”

சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுதியதை அடிப்பது காப்பகத்தில் பெருங்குற்றம். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஆகவே, தாங்கள் பின்குறிப்புகளைப் படிப்பதில்லை என்று மறுதபாலில் தெரிவித்தால் நிம்மதியாக இருப்பேன்.