ரேங்க் ஒழிப்புச் சட்டமும் பீரோ சாவியும்

கிழக்குத் தாம்பரம்,
18.10.1986

பெருமதிப்பிற்குரிய ஸ்ரீநிவாசன் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வைஜயந்தி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் முதுகும் அம்மாவின் கிரைண்டரும் ரிப்பேராகிச் சரியாகிவிட்டதால் இங்கு எல்லோரும் சௌக்கியம். வில்லிவாக்கத்தில் மாமியும் குழந்தைகளும் உங்கள் தெருக் குழாயும் சௌக்கியமா?

மாமா, நீங்கள் கோட்டையில் சட்டத்துறையில் எத்தனையோ வருஷமாக வேலை பார்க்கிறீர்கள். ஆகவே இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நானும் ஒரு சட்டம் இயற்றிவிட்டேன். அது அமலுக்கும் வந்துவிட்டது.

பள்ளிக்கூடங்களில் மார்க்குக்குப் பதில் கிரேடு கொடுக்க மாநிலத்தில் சட்டம் வேண்டும் என்று யாரோ பேசியதாகப் பேப்பரில் ஒரு மூலையில் வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் ரமா டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் மாதிரிச் சட்டமன்றம் நடத்தினார். நான் கல்வி அமைச்சர். எதிர்க்கட்சித் தலைவி லோகநாயகி. ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் முதல் ரேங்க், நான்தான் இரண்டாவது. சபாநாயகர் பேபி. அவள் அப்பா சவுரிமுத்து பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் இளநீர் விற்கிறார். பேபி கடைசி பெஞ்ச். ஆனால் எங்கள் வகுப்பிலேயே பெரிய குரல் அவளுடையதுதான்.

நான் ரேங்க் ஒழிப்பு மசோதா எழுதியதற்கே பேபிதான் காரணம். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் நாளில் அவள் அப்பா இளநீர் வெட்டி நீட்டும்போதே, நிற்கிறவர்களிடமெல்லாம் பெண்ணின் ரேங்கைச் சொல்லி வருத்தப்படுவாராம். செங்கல்பட்டு பஸ் கண்டக்டருக்குக்கூட அவள் ரேங்க் தெரியும். இது நியாயமா? ஆகவே பரீட்சையில் ஏ, பி, சி என்று கிரேடு மட்டும் தர வேண்டும், யார் யாரைவிட மேல் என்று டீச்சர் யாருக்கும் சொல்லக் கூடாது என்று எழுதினேன். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதை எழுதினவனே முதலில் அதில் நுழையப் பார்ப்பான் என்று போன தீபாவளிக்கு நீங்கள் சொன்னீர்களே, அதை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் மூடினேன்.

அன்று தலைமையாசிரியை அம்மாவும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் மசோதாவை வாசித்து முடித்ததும் லோகநாயகி எழுந்தாள். “ரெண்டாவது ரேங்க் எடுக்கறவதான ரேங்கே வேணாங்கறா? அப்போ பீரோ சாவி யாருக்கு? அதையும் அமைச்சரே எடுத்துக்கறதா உத்தேசமா?” என்றாள். வகுப்பே சிரித்தது.

எங்கள் வகுப்பு வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் ரேங்க் எடுப்பவளிடம்தான் அடுத்த பரீட்சை வரைக்கும் நூலக பீரோவின் சாவி இருக்கும். அந்தச் சாவியை நான் மூன்று வருஷமாகக் கனவில் பார்க்கிறேன். லோகநாயகி வெள்ளிக்கிழமை மட்டும்தான் பீரோவைத் திறப்பாள். அதிலும் முன்பு எடுத்த புத்தகத்தின் கதையை முழுக்கச் சொன்னால்தான் அடுத்ததைத் தருவாள்.

சிரிப்பு அடங்கவில்லை. பேபி டஸ்டரால் மேஜையைத் தட்டி, “அல்லாரும் குந்துங்க. மந்திரி பேசிகினு கீதில்ல?” என்று ஒரு சத்தம் போட்டாள். பக்கத்து வகுப்பும் உட்கார்ந்துவிட்டது.

மாமா, அந்த நிமிஷம் எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. சுயநலம் துளியும் இல்லை என்று காட்ட அங்கேயே இரண்டு பிரிவு சேர்த்தேன். சாவி இனி வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஆளுக்கு இரண்டு வாரம். இச்சட்டத்தை இந்தக் கல்வியாண்டு முழுவதும் யாரும் திருத்த முடியாது. எதிர்க்கட்சியே கை தட்டியது. தலைமையாசிரியை அம்மா எழுந்து, கேட்க நன்றாக இருக்கிறது, ஒன்பதாம் வகுப்பில் இந்த வருஷம் இதையே நடத்திப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

பதிவேட்டில் பேபிக்கு முன்னால் இருப்பவள் ஒருத்திதான். அவளுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஆகவே காலாண்டுப் பரீட்சை முடிந்து கிரேடு வந்ததும் சாவி பேபியிடம் போயிற்று. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். தினமும் மத்தியானம் பீரோ திறக்கிறது. கதை கேட்பதில்லை, கையைக் கழுவினாயா என்று மட்டும் கேட்கிறாள். அவளே ஒரு புத்தகம் எடுத்துப் பாதி படித்திருக்கிறாள். போன சனிக்கிழமை அம்மாவும் நானும் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றபோது அவள் அப்பா ஒருவரிடம், “எம் பொண்ணுதான் பள்ளிக்கூட பீரோ சாவிய வச்சிகினு கீது. இன்னா பொஸ்தகம் ஓணும்னாலும் அதாண்டதான் கேக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவருக்குப் புத்தகம் வேண்டாம், வழுக்கைதான் வேண்டும். எனக்கோ அந்தச் சட்டத்தை எழுதியது நான்தான் என்று பஸ் ஸ்டாப் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லத் தோன்றியது. அம்மா கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஆகவே மாமா, என் சட்டத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கோட்டையில் பெரியவர்கள் யாராவது இதுபோல் சட்டம் எழுத உட்கார்ந்தால் இதைக் காட்டுங்கள். ஓரிடத்திலும் ஓட்டை கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

மாமிக்கு என் நமஸ்காரம். குட்டிகளுக்கு முத்தம். உங்கள் ஆசி என் சட்டத்துக்கும் எனக்கும் என்றும் வேண்டும்.

அன்பு மருமகள்,
வைஜயந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. இன்று சாயங்காலம் ரமா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சட்டப்படி நான் இதைச் சொல்லக் கூடாது. பழைய மாதிரியா இருந்தா இந்தத் தடவை நீதான் முதல் ரேங்க்” என்றார். பதிவேடு இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி. அதில் கடைசிப் பெயர் என்னுடையது. என் முறை வருவதற்குள் நான் கல்லூரிக்கே போய்விடுவேன். ஆகவே நகலைக் கோட்டையில் யாரிடமும் காட்ட வேண்டாம். நீங்கள் மட்டும் பொறுமையாகப் படித்து, அதில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து உடனே எழுதவும். பேபியின் இரண்டு வாரத்துக்குப் பாதகம் வரக் கூடாது. பெரிய ஓட்டை வேண்டாம் மாமா, ஒரு சாவி நுழைந்தால் போதும்.