முப்பத்தொன்பதாவது படம்

ஊருக்கு நாலு பேராவது தேறும் இனம் இது: செத்த ஃபிலிம் கேமராவுக்கு உயிர் கொடுப்பவர்கள். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் இவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஞாயிறு காலை பழைய சாமான் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். துருப்பிடித்த குழாய்களுக்கும் ஒற்றை பூட்ஸுக்கும் நடுவே குந்திக்கொண்டு, கேமராவைக் காதோரம் வைத்து 'டக்' என்று அழுத்தி, கண்மூடிச் சொக்கிக் கிடப்பவர் எவரோ, அவரேதான்.

என் தங்கை ஜீபாரைக் கட்டிய ஷைலோபெக் இதில் முதல் தரம். அந்த வீட்டில் வோட்கா வாங்கினால் விருந்தாளிக்குக் கிடைக்காது. ஷட்டர் துடைக்கப் போய்விடும். தங்கையின் புருவ இடுக்கி திருகாணி பிடுங்குகிறது, குளியலறைக் கொடியில் கேமராப் பட்டை காய்கிறது, சாப்பாட்டு மேசை முழுக்க உதிரிச் சாமான் பரந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு எப்போதும் ஒரு ஸ்பிரிங் மிச்சம்.

"அது சும்மா மச்சான். அந்தக் காலத்துல தாராளமா போட்டு வெச்சிருப்பாங்க."

மறுத்துப் பேச நாம் யார்?

இப்படிப்பட்டவரின் மகள் மேரிமுக்குக் கால்கட்டு அறுக்கும் நாள் வந்தது. நடை பழகும் குழந்தையின் கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலால் கட்டி நிறுத்துவோம். பிள்ளைகள் பந்தயம் வைத்து ஓடிவர, முந்தியவர் நூலை அறுக்க, குழந்தை நடக்கும். ஆயுளுக்கு ஒருமுறைதான். மாப்பிள்ளை எல்லோர் போனையும் பிடுங்கிப் பலகாரக் கூடையில் போட்டுவிட்டார்.

"போன் படத்துல உயிரே இல்ல. இன்னிக்கு ஃபிலிம் மட்டும்தான்!"

நூல் அறுந்தது. மேரிம் நடந்தாள். சனம் கைதட்டியது, தங்கை அழுதாள். மாப்பிள்ளையோ ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் ஒட்டி, மண்டியிட்டு, உருண்டு, "அத்தை, வெளிச்சத்தை மறைக்காதீங்க!" என்று கத்தி, அழுத்தி, சுற்றி, அழுத்தி, சுற்றி, கடைசியில் படம் எண்ணும் முள்ளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா? முப்பத்தாறு பட ஃபிலிம்ல முப்பத்தொன்பது! அள்ளிக் கொடுக்குது மச்சான்!"

முப்பத்தாறைத் தாண்டியபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? திறந்து பார்த்தார். ஃபிலிம் நுனி உருளையில் மாட்டவே இல்லை. சுற்றியதெல்லாம் வெறும் காற்று. முதல் படமும் இல்லை, முப்பத்தொன்பதாவதும் இல்லை.

"படம் போய்த் தொலையட்டும்," என்றாள் தங்கை. "கண்ணால பாத்தீங்கள்ல? நம்ம பொண்ணு எத்தனை அடி வெச்சா, சொல்லுங்க."

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். "ஷட்டர் நூத்தி இருபத்தஞ்சுல ஒரு செகண்டு வெச்சேன்... அப்பர்ச்சர் எட்டு..."

"அஞ்சு அடிங்க. அஞ்சாவதுல உங்களைப் பாத்துதான் சிரிச்சா."

எனக்கே பாவமாகிவிட்டது. அவர் கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் போன்களோடு கூடையில் போட்டார். கம்பளத்தில் உட்கார்ந்து இரு கைகளையும் நீட்டினார். "வாடி தங்கம், அப்பாகிட்ட வா." மேரிம் எழுந்தாள், ஆடினாள், வந்தாள். ஒவ்வொரு அடியையும் அவர் வாய்விட்டு எண்ணினார். ஆறு! வந்ததும் அவர் மூக்கைக் கடித்தாள். நாலாவது அடியில் மனிதர் கை கூடைப் பக்கம் லேசாகத் துடித்தது. நான் தங்கையிடம் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் மேலே திரும்பிப் படிக்காமல் ஒன்று சொல்லுங்கள்: குழந்தையின் காலில் கட்டிய நூல் என்ன நிறம்? அது நினைவுக்கு வராமல், 'அதிருக்கட்டும், அந்தக் கேமரா என்ன மாடல், இந்த ஆள் கடைசிவரை சொல்லவே இல்லையே' என்று நாக்கு துறுதுறுத்தால், ஞாயிறு காலை சந்தைக்கு வந்துவிடுங்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்த இடம் இருக்கிறது.