ஏன் சார்

சினிமாக் கம்பெனிகளில் கதை பேசும் அறைக்கென்றே பிறந்த ஒரு ரகம் உண்டு. ஒரு வரி எழுத வராது, ஆனால் யார் கதை சொன்னாலும் கண்ணை மூடி, விரலை உயர்த்தி, "ஏன்?" என்று கேட்கும். பார்த்திருப்பீர்களே?

நம்முடைய 'ஏன் சார்' இந்த ரகத்தில் முதல் தரம். கதாநாயகன் கதவைத் திறந்தால் ஏன்? மூடினால் ஏன்? "ஒண்ணு நடந்தா, அதனாலதான் அடுத்தது நடக்கணும். இல்லேன்னா அது திரைக்கதையா?" என்று அவர் மேஜையைத் தட்டுவார். அவர் பேச்சைக் கேட்டே கைக்கு வந்த நல்ல கதைகளையெல்லாம் துரத்தியடித்த தயாரிப்பாளர் அப்படியே உருகிப்போவார்.

அன்று ஒரு பெண் கதை சொல்ல வந்திருந்தாள். இருந்த வேலையை விட்டுவிட்டு எழுதிய கதை. ஒரு நர்ஸ் வேலை முடிந்து பஸ்ஸில் வருகிறாள். தன் ஸ்டாப் வந்தும் இறங்காமல் உட்கார்ந்தே இருக்கிறாள்.

"ஏன்?"

"முந்தின சீன்ல, அவளைக் கேக்காமலே வீட்டை வித்துட்டதா புருஷன் சொல்றானே சார்."

அந்தக் காட்சியை அவள் சொன்னபோது நம்மவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மச்சானோடு போனில் கார் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதை ஒப்புக்கொண்டால் மானம் என்ன ஆவது?

"அது பத்தாதும்மா. அவளோட தங்கச்சி, ரெட்டைப் பிறவி, சின்ன வயசுல அதே ஸ்டாப்ல அடிபட்டுச் செத்துடறா. அதான் இறங்க பயம். எப்படி?"

"பிரமாதம்!" என்றார் தயாரிப்பாளர்.

"அப்போ இத்தனை வருஷமா தினமும் அங்கதானே சார் இறங்கினா?"

ஏன் சாருக்குக் காது சிவந்தது. "படம் பாக்கறவன் இவ்வளவெல்லாம் யோசிக்க மாட்டான்!"

அவள் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள். "வரேன் சார்" என்று எழுந்து போய்விட்டாள்.

"ஏங்க, இப்படிப் பொசுக்குன்னு போயிட்டாங்க?" என்று விழித்தார் தயாரிப்பாளர்.

"எழுதறவங்கன்னாலே அப்படித்தான் சார். கோவிச்சுக்கக் காரணமே வேண்டாம்."

அந்தக் கதையை வேறொரு கம்பெனி எடுத்தது. தியேட்டரில் கூட்டம் தாங்கவில்லை. தயாரிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது நம்மவர் விளக்கம் தந்தார்: பள்ளிக்கூட லீவு, நல்ல போஸ்டர், எதிரே வேறு படமில்லை. தன்னைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாக் காரணமும் அதில் இருந்தது. மறுநாளிலிருந்து அவரை வரவேண்டாம் என்றார்கள்.

"திடீர்னு நிறுத்திட்டாங்க. என்ன காரணம்னே புரியல" என்றார் மனைவியிடம். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்களாக்கும். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாரே, "இப்ப என்ன ஆயிடுச்சுன்னு இந்தக் கோபம்?" என்று பச்சைக் குழந்தை மாதிரிக் கேட்டது யார்?