பாதி இலையில் எழுந்த ஒய்.பி.

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

மரியாதைக்குரிய தம்புசாமி மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை லெட்சுமியின் வீட்டுக்காரன் பக்கிரிசாமி வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். உங்கள் தங்கைதான் நலமாக இல்லை. உங்கள் மகள் தாமரையின் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் அவள் போனை எடுப்பதே இல்லை என்று அழுகிறாள், அழுதுகொண்டே சமைக்கிறாள், சாம்பாரில் உப்பு கரிக்கிறது. கோபம் என்மேல்தானே? என்னைத் திட்டுங்கள், அவள் போனை எடுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள் மச்சான், கேட்டால் நீங்களே எனக்கு மாலை போடுவீர்கள்!

நான் ஆளுங்கட்சிக் கொறடாவுக்குக் கார் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். கொறடாவுக்கு என்ன வேலை என்று ஒருமுறை கேட்டீர்கள், எனக்குச் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு மணி அடிக்கும்போது கட்சியின் ஒய்.பி.க்கள், அதுதான் நாடாளுமன்ற உறுப்பினர்கள், அத்தனை பேரும் உள்ளே இருக்க வேண்டும். ஒருவர் கேன்டீனில் தே தாரேக் குடிப்பார், ஒருவர் தொகுதி ஆட்களோடு செல்ஃபி எடுப்பார், ஒருவர் கழிப்பறையில் போன் பேசுவார். எல்லாரையும் தேடிப் பிடித்து உட்கார வைப்பதும், எந்த மசோதா எப்போது வரும் என்று எதிர்க்கட்சிக் கொறடாவோடு பேசி வைப்பதும் எங்கள் ஐயாதான். அவர் உத்தரவை மீறினால் கட்சியில் சீட்டு கிழிந்துவிடும். சும்மா இல்லை!

ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் கிடைக்கவில்லை என்று நீங்கள் கல்யாணத்தை வியாழக்கிழமை வைத்தீர்கள், எனக்கோ லீவு கிடைக்கவில்லை. அன்று ஐயாவை நாடாளுமன்ற வாசலில் இறக்கும்போது அவர் போனில், "ராதாகிருஷ்ணன் ஒருத்தர்தான் இல்ல, கிள்ளான்ல ஒரு கல்யாணத்துல இருக்காரு..." என்றார். மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை ஏது? மத்தியானம் பெரிய மசோதா, ஓட்டெடுப்பு, ஒரு ஆள் குறைகிறது, அந்த ஆள் உட்கார்ந்திருப்பதோ என் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில்! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது மச்சான். ஃபெடரல் ஹைவேயில் பறந்தேன். மண்டபத்தில் பார்த்தால், நம் ஒய்.பி. ராதாகிருஷ்ணனும் எதிர் இலையில் எதிர்க்கட்சி ஒய்.பி. பரமேஸ்வரனும் அப்பளம் நொறுக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் பாயச வாளியோடு வந்துகொண்டிருக்கிறீர்கள். இலையில் உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது, அதுவும் சம்பந்தி வீட்டார் பார்க்க எழுப்பவே கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும், "ஒய்.பி., கொறடா உத்தரவு, கிளம்புங்க!" என்று கத்திவிட்டேன்.

"இரு பக்கிரி, அவரு காலையிலேயே என்கிட்ட..." என்று ஆரம்பித்தார் ராதாகிருஷ்ணன்.

"பேச்செல்லாம் கார்ல லா, மணி அடிச்சிடுவாங்க!"

கை கழுவக்கூட விடவில்லை. காரில் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் ஹார்ன் அடித்தேன். பின்னாலேயே பரமேஸ்வரனும் எழுந்து ஓடி வந்தாரே, அது என் குற்றமா?

பெரிய மனிதர்கள் இரண்டு பேர் பாதி இலையில் எழுந்தது அபசகுனம் என்று பந்திங் ஊரில் தாமரையின் மாமியார் தினமும் குத்திக்காட்டுகிறாராம், பிள்ளை போனில் அழுததாம். கேட்டு எனக்கு நெஞ்செல்லாம் வலிக்கிறது, என் மடியில் விளையாடிய பிள்ளை அது. ஆனால் அந்தம்மாவிடம் சொல்லுங்கள், மசோதா ஜெயித்தது, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்! அந்த ஒரு ஓட்டு யாருடையது? கையில் சாம்பார் காயாமல் உட்கார்ந்திருந்த நம் ராதாகிருஷ்ணனுடையது! தாமரையின் கல்யாணப் பந்தி அரசாங்கத்தையே காப்பாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து ஐயா என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை, நன்றியில் வாயடைத்துப் போயிருக்கிறார். இன்னொரு தடவை நடந்தாலும் இதையேதான் செய்வேன் மச்சான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அக்காவுக்கு என் கும்பிடு. தாமரையும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாட்டுக்காகக் கெட்ட பெயர் வாங்கிய
பக்கிரிசாமி

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன்னால் இதைப் பெருமையாக ஐயாவிடம் படித்துக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "உன்னை யாருய்யா போகச் சொன்னது? எங்க ஆளு ஒருத்தர், உங்க ஆளு ஒருத்தர், ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போகட்டும், கணக்கு சமமாயிடும்னு காலையிலேயே நானும் எதிர்க்கட்சிக் கொறடாவும் பேசி வச்சிருந்தோம். நீ நம்ம ஆளைத் தூக்கிட்டு வந்ததும் நாங்க பேச்சு மாறிட்டோம்னு அவங்க ஆளும் ஓடி வந்துட்டாரு!" என்றார். அதாவது மச்சான், இரண்டு பேரும் உட்கார்ந்து பாயசம் குடித்திருந்தாலும் அதே ஒரு ஓட்டில்தான் ஜெயித்திருப்போமாம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். தப்பு என்னுடையதுதான், மன்னிச்சிடுங்க. வரும் ஞாயிற்றுக்கிழமை பந்திங்கில் சம்பந்தி வீட்டில் இலை போடச் சொல்லுங்கள். இரண்டு ஒய்.பி.க்களும் வந்து, பாயசம் குடித்து, இலையை மூடிவிட்டுத்தான் எழுவார்கள், இரண்டு கட்சிக் கொறடாக்களும் உத்தரவு போட்டாயிற்று. நான் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம், கார் சாவியையும் பிடுங்கியாயிற்று. அது லெட்சுமியின் உத்தரவு. அதை மீற எந்தக் கட்சியிலும் ஆள் இல்லை.